மதுரோ சுருட்டை ரசித்துப் பத்துவது எப்படி? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் சொக்லேட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் இடையில் இப்போது சில கறுத்த, தடித்த சுருட்டுகளும் வருகின்றன. வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கேட்பவர்கள் பலர். அவர்கள் கேட்டவற்றில் பயனுள்ளவை இங்கே. 21 வயது நிறையாதவர்களுக்கு இது எழுதப்படவில்லை. புகைக்காதவர்கள் இதை வாசித்துவிட்டுத் தொடங்கவும் வேண்டாம்.

மதுரோ என்பது ஒரு பிராண்டா?

இல்லை. சுருட்டின் வெளியே சுற்றியிருக்கும் மேலிலை கடுங்கபிலமாகவோ கிட்டத்தட்டக் கறுப்பாகவோ இருந்தால் அந்தச் சுருட்டை மதுரோ என்பார்கள். ஒரே நிறுவனம் ஒரே சுருட்டை வெளிர் இலையிலும் மதுரோ இலையிலும் செய்து விற்பதுண்டு. நிக்கராகுவா இலையில் செய்யப்படும் பட்ரோன் 1964 அப்படித்தான் இரண்டு விதமாகவும் வருகிறது. பெயரில் 1964 என்று இருப்பது அதைச் செய்யும் பட்ரோன் குடும்பம் மயாமியில் தொழில் தொடங்கிய ஆண்டைக் குறிக்கிறது. அந்தச் சுருட்டுவகை வெளிவந்தது 1994இல்.

ஒரு நல்ல சுருட்டில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் உள்ளிலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை, அதற்கு மேல் மேலிலை. மதுரோ என்ற பெயர் இந்த மூன்றாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இதை மனதில் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இலை எப்படி இவ்வளவு கறுக்கிறது? சாயமா?

முறையாகச் செய்ததில் சாயம் இல்லை. வெப்பமும் காலமும்தான். புகையிலையைப் பறித்து உலர்த்தியபின், ஈரம் தெளித்து ஆள் உயரத்துக்குக் குவியலாக அடுக்குவார்கள். குவியலின் நடு தானாகவே சூடேறும். சூடு அளவுக்கு மீறும்போது குவியலைப் பிரித்து, உள்ளே இருந்தது வெளியே வர மாற்றி அடுக்குவார்கள். இது பல தடவை நடக்கும். சாதாரண மேலிலைக்குச் சூட்டை மட்டாக வைத்திருப்பார்கள். மதுரோ இலைக்கு அதைவிட ஏறவிட்டு, 60 பாகை செல்சியஸை ஒட்டிக்கூடப் போகவிட்டு, மாதக்கணக்கில் கூடுதலாக வைப்பார்கள். அமோனியா வெளியேறும், காரல் குறையும், இலையில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கறுக்கும்.

எல்லா இலையும் இதைத் தாங்காது. மெல்லிய இலை கிழிந்து போகும். ஆகவே தடித்த, வெயிலில் வளர்ந்த இலைகளே இதற்கு ஆகும். அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் விளையும் புரோட்லீஃப், மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்துச் சான் அந்திரேஸ், பிரேசிலின் பஹியாவில் விளையும் மாத்தா ஃபினா ஆகிய மூன்றும்தான் அதிகம் அடிபடும் பெயர்கள். புரோட்லீஃபை இலை இலையாகப் பறிப்பதில்லை. செடியைத் தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள்.

குறுக்குவழி தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இலையை ஆவியில் அவிப்பது, நிறம் பூசுவது எல்லாம் நடக்கிறது. ஈரமாக்கிய வெள்ளை ரிசுவால் மேலிலையை மெதுவாக ஒற்றிப் பாருங்கள். கொஞ்சம் கபிலம் ஒட்டினால் பரவாயில்லை, நல்ல மதுரோவிலும் ஒட்டும். மை கொட்டினதுபோல் கறுப்பாக வந்தால் சந்தேகப்படலாம். இன்னொரு அடையாளம்: உண்மையான மதுரோ இலையில் நிறம் திட்டுத் திட்டாக, நரம்புகள் தெரிய, சற்றுக் கரடாக இருக்கும். கண்ணாடிபோல் ஒரே கறுப்பாக மினுங்கும் சுருட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கறுப்பாக இருப்பதால் காரமும் கூடவா?

இதுதான் அடிக்கடி வரும் கேள்வி, அடிக்கடி வரும் தவறான முடிவும்கூட. நிறத்துக்கும் கடுமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தலையைச் சுற்ற வைப்பது நிக்கொட்டின். அதில் பெரும்பங்கு உள்ளிலைகளிலிருந்து வருகிறது. செடியின் உச்சியில் வெயிலை முழுதாக வாங்கிய இலை கடுமையானது. அதை லிஹேரோ என்பார்கள். நடு இலை மணத்துக்கு, அடியிலை நன்றாக எரிவதற்கு. ஒரு சுருட்டில் உச்சி இலை எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கடுமையைத் தீர்மானிக்கிறது. வெளியே இருந்து அது தெரியாது.

நீண்ட பதப்படுத்தலில் காரல் போய்விடுவதால் மதுரோ இலை பல சமயங்களில் வெளிர் இலையைவிட இனிப்பாக, வட்டமாக இருக்கும். வாய்க்கு மெதுவாக இருக்கிறதே என்று வேகமாக இழுத்து, அரை மணித்தியாலம் கழித்துக் கதிரையைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. சுவை மென்மை, நிக்கொட்டின் கடுமை. இரண்டும் ஒரே சுருட்டில் இருக்கலாம்.

எங்கள் யாழ்ப்பாணச் சுருட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

குலமும் கோத்திரமும் ஒன்றுதான், வளர்ப்பு வேறு. யாழ்ப்பாணப் புகையிலைக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய சரக்கு அது. வெற்றிலையோடு போடும் புகையிலையைக் குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டை எரித்துப் புகையூட்டுவது இங்கத்தைய முறை. மதுரோ இலைக்குப் புகையே காட்டுவதில்லை. காற்றில் உலர்த்திக் குவியலில் புழுங்க விடுவதோடு சரி. அதனால்தான் நம் புகையிலையின் நெடியை எதிர்பார்த்து மதுரோவைக் கொளுத்துகிற பெரியவர்கள் "இதிலை ஒண்டும் இல்லையே" என்று முகம் சுளிக்கிறார்கள்.

நம் சுருட்டுக்கு ஈரம் காக்கும் பெட்டி தேவையில்லை. காய்ந்திருக்கும், மடியில் செருகி வைக்கலாம், வேலிக்கரையில் நின்று பத்திவிட்டு வேலைக்குப் போகலாம். கோடா என்ற கரைசல் போட்டுப் பதமாக்கிய சுருட்டுக்குத் தனி மணமும் உண்டு. இவை எல்லாம் தோட்ட வேலைக்கு நடுவே பத்துவதற்கான குணங்கள். மதுரோ ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கச் சொல்கிறது.

சுருட்டும் இடத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒரே மாதிரி. ஹவானாவில் 1865இல் தொடங்கி, தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்க ஒருவர் மேடையில் இருந்து பத்திரிகையும் கதையும் வாசிக்கும் வழக்கம் வந்தது. வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. நம் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுருட்டிய கதையைப் பழைய ஆட்களிடம் கேட்கலாம். கை வேலையில், காது சும்மா. அந்தக் காதுக்குத் தீனி போட இரண்டு ஊருக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது.

மச்சான் கியூபாக் கடற்கரையில் வாங்கிவந்த கோஹிபா பிராண்ட் சுருட்டு. நல்லதா?

ரொறன்ரோவிலிருந்து கியூபாவுக்கு விடுமுறை போவது சுலபம் என்பதால் இந்தக் கேள்வி கூடிக்கொண்டே வருகிறது. கடற்கரையில் ஒருவர் "என் தம்பி தொழிற்சாலையில் வேலை" என்று சொல்லி மலிவாக விற்றது பெரும்பாலும் போலி. கண்ணாடி மூடி போட்ட கோஹிபாப் பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், போலிதான். கியூபாவின் மேலிலைகள் பொதுவாக இடைநிறமானவை. கோஹிபாவில் மதுரோ வரிசை 2007இல்தான் வந்தது, ஐந்தாண்டு வைத்துப் பழுக்கவிட்ட மேலிலையோடு. மதுரோதான் வேண்டுமென்றால் நிக்கராகுவா, ஹொண்டுராஸ், டொமினிக்கன் குடியரசுச் சுருட்டுகளில் தெரிவு அதிகம்.

மச்சானிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் தடவைக்கு எந்த அளவு?

ரோபுஸ்டோ. 5 அங்குல நீளம், 50 அளவுத் தடிப்பு. தடிப்பு எண் ஒரு அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகக் கணக்கிடப்படுவது, ஆகவே 50 என்றால் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். முக்கால் மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் போகும். 60 அளவுத் தடிப்புள்ள குண்டுச் சுருட்டுகள் படம் எடுக்க நல்லவை.

எப்படி வெட்டுவது? பல்லால் கடிக்கலாமா?

கடித்தால் மேலிலை உரிந்து கடைசிவரை தொல்லை தரும். வாயில் வைக்கும் முனையில் சின்னத் தொப்பிபோல் ஒரு துண்டு இலை ஒட்டியிருக்கும். அந்தத் தொப்பி முடியும் கோட்டுக்குக் கீழே போகாமல், நுனியில் 2 மில்லிமீற்றர் அளவு வெட்டினால் போதும். சுருட்டு வெட்டி இல்லையென்றால் புதிய சவர அலகு நல்லது. குசினிக் கத்தரிக்கோல் நசுக்கிவிடும்.

வெட்டியவுடன் கொளுத்த வேண்டாம். நெருப்பில்லாமல் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். காற்று சுலபமாக வருகிறதா என்று தெரியும், இலையின் சொந்தச் சுவையும் நாக்கில் படும். நல்ல மதுரோவில் இந்த வெறும் இழுப்பிலேயே கொக்கோவும் உலர்ந்த பழமும் வரும்.

கொளுத்துவதற்கு நெருப்புப்பெட்டி போதுமா?

போதும். குச்சியின் மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்து, பிறகு காட்டுங்கள். காஸ் லைற்றரும் நல்லது. பெற்றோல் லைற்றர் வேண்டாம், அந்த நாற்றம் முதல் பாதியைக் கெடுக்கும். குத்துவிளக்கில் கொளுத்துகிற ஆட்களும் இருக்கிறார்கள், எண்ணெய்ப்புகைதான் வாயில் வரும்.

நுனியைச் சுவாலைக்குள் விடாமல் சற்று மேலே பிடித்துச் சுழற்றுங்கள். விளிம்பு முழுவதும் கருகி மெல்லச் சிவந்த பிறகு வாயில் வைத்து இழுக்கலாம். மதுரோ மேலிலை தடிப்பும் எண்ணெயும் கூடியது, பிடிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் மட்டும் எரியும்.

புகையை உள்ளே இழுக்க வேண்டுமா?

வேண்டாம், ஒருபோதும். சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கஷ்டம், கை பழகியதை நெஞ்சு செய்யும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது என்பதால் நிக்கொட்டின் வாயின் தோல் வழியாகவே ஏறும். புகையை வாயில் நிறைத்து, நாக்கின் மேல் உருட்டி, வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அதைவிட வேகமானால் சுருட்டுச் சூடேறிக் கசக்கும், மதுரோவின் இனிப்பு முதலில் போய்விடும்.

அப்போ சுவை எங்கே, எதைத் தேடுவது?

வெளிநாட்டு விமர்சனங்களில் மொலாசஸ், எஸ்பிரெஸோ, தோல், ஓக் மரம் என்று எழுதியிருக்கும். வாசித்துவிட்டு "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, என் நாக்கில் பிழை" என்று நினைக்கிறார்கள். நாக்கில் பிழை இல்லை. ஓக் பீப்பாயை நாங்கள் எங்கே மணந்தோம்? நமக்குத் தெரிந்த சாமான்களில் தேடினால் வெகு சீக்கிரம் அகப்படும். மதுரோவின் சுவைப்பக்கம் முழுவதும் யாழ்ப்பாணக் குசினிக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் இனிப்பு. சீனியின் இனிப்பல்ல, பனங்கட்டியின் இனிப்பு. அடியில் லேசான கரிப்போடு வருவது. சில சுருட்டுகளில் அது இன்னும் புளிப்பேறிப் பனாட்டுப் பக்கம் போகும். மாத்தா ஃபினா இலையில் இதை நான் அடிக்கடி உணர்கிறேன். அடுத்தது வறுத்த சுவை. மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு இடித்த கோப்பித்தூளை நினையுங்கள். புரோட்லீஃப் இலையில் வருவது கிட்டத்தட்ட அதுதான். சான் அந்திரேஸ் இலையில் மண்வாசனை கூட, கூடவே கொக்கோ, மிளகு. நிக்கராகுவா உள்ளிலை என்றால் முதல் சில இழுப்புகளில் மிளகுக் காரம் தொண்டை வாசலில் நிற்கும், பிறகு அடங்கும். எள்ளு வறுக்கும்போது எழும் எண்ணெய் மணம், கறுவாப்பட்டை, புழுக்கொடியலின் மாச்சுவை என்றெல்லாம் வரும். எல்லாம் ஒரே சுருட்டில் வராது. இரண்டு மூன்று சுவை தெளிவாக வந்தாலே அது நல்ல சுருட்டு.

சுருட்டை மூன்று பங்காகப் பிரித்துக் கவனியுங்கள். முதல் பங்கில் மேலிலையின் இனிப்பும் மிளகும், நடுப்பங்கில் கோப்பியும் மண்ணும், கடைசிப் பங்கில் கடுமை. நல்ல சுருட்டில் இந்த மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும். மலிவானதில் முதல் இழுப்பு எதுவோ கடைசிவரை அதுதான், பிறகு கசப்பு. விலையைப் பார்க்காமல் ஒரு சுருட்டை மதிப்பிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கொஞ்சம் புகையை மூக்கால் வெளியே விட்டால் சுவை இரண்டு மடங்கு தெரியும், ஏனென்றால் நுண்ணிய மணங்களைப் பிடிப்பது நாக்கு அல்ல, மூக்கு. முதலில் எரியும். வாயிலுள்ள புகையில் பெரும்பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் மூக்கால் விட்டுப் பழகுங்கள்.

எதைக் குடித்துக்கொண்டு பத்துவது?

பனங்கட்டி கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி. இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது என் முடிவு. தேயிலையின் துவர்ப்பு ஒவ்வொரு தடவையும் வாயைத் துடைத்துவிடும், பனங்கட்டி இலையின் இனிப்பை எடுத்துக் கொடுக்கும். பால் சேர்த்தால் நாக்கில் படலம் படிந்து பாதிச் சுவை மறையும். றம் நன்றாகப் பொருந்தும் என்பது உலகமே சொல்வது, உண்மையும்தான். பனஞ்சாராயம் கூடவே பேசிக்கொண்டிருக்கும், சுருட்டைப் பேச விடாது.

தலை சுற்றுகிறது, வியர்க்கிறது, சத்தி வரும்போல் இருக்கிறது. என்ன செய்வது?

நிக்கொட்டின் கூடிவிட்டது. சுருட்டை வைத்துவிடுங்கள், காற்றோட்டத்தில் உட்கார்ந்து இனிப்பான ஏதாவது சாப்பிட்டுத் தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். தணியாவிட்டால், நெஞ்சு படபடத்தால், வைத்தியரிடம் போங்கள். வெறும் வயிற்றில் தொடவே வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் இதற்கு நேரம்.

சாம்பல் வெள்ளையாக இருந்தால்தான் தரமா?

அப்படியில்லை. சாம்பலின் நிறம் மண்ணிலிருந்த கனிமங்களைச் சொல்கிறது, சுவையைச் சொல்வதில்லை. ஆனால் மண்ணும் நீரும் எரிதலைப் பாதிப்பது உண்மை. இலையில் குளோரைட் கூடினால் புகையிலை சரியாக எரியாது, அடிக்கடி அணையும். கரையோரக் கிணறுகள் உவர்ப்பான ஊரில் தோட்டம் செய்கிறவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

சாம்பலை அடிக்கடி தட்ட வேண்டாம். ஓர் அங்குலம் வரை தானாக நிற்கட்டும், நுனியின் சூட்டை அது மட்டுப்படுத்தும்.

ஒரு பக்கமாகவே எரிகிறதே?

சோளகக் காற்றில் முற்றத்தில் இருந்து பத்தினால் அப்படித்தான். விறாந்தைச் சுவரோரம் மாறி இருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் பின்தங்கிய பக்கத்துக்கு லைற்றரால் கொஞ்சம் சூடு காட்டுங்கள். அணைந்துபோனால் மீண்டும் கொளுத்துவதில் வெட்கமில்லை. தடித்த மேலிலைக்கு இது வழக்கம்.

யாழ்ப்பாணத்து வெக்கையில் எப்படிப் பாதுகாப்பது?

நூல்களில் சொல்லப்படுவது 65 முதல் 70 வீத ஈரப்பதன், 18 முதல் 21 பாகை வெப்பம். குளிர்நாட்டுக்காரருக்கு ஈரம் போதாது என்பது பிரச்சினை. நமக்குத் தலைகீழ். மார்கழியில் வாடை அடிக்கும்போது காற்றே ஈரமாக இருக்கும், மேசையில் வைத்த சுருட்டு ஊறிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அழகான மரப்பெட்டியில் பணத்தைப் போடாதீர்கள். இரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, அதற்குள் ஈரத்தை இரண்டு பக்கமும் சமப்படுத்தும் பொவேடா பொட்டலம். 65 வீதப் பொட்டலமே நம் ஊருக்கு நல்லது. மதுரோ இலை எண்ணெய்ப்பசை கூடியதால் ஈரம் கூடினால் எரிய மறுக்கும். வீட்டில் குளிர்ச்சியான அறை எதுவோ அங்கே, நிலத்தோடு ஒட்டிய அலுமாரித் தட்டில் வையுங்கள். பிரிஜ் வேண்டாம், மீன் மணமும் கறி மணமும் இலைக்குள் ஏறும்.

ஈரமானி வாங்கினால் அதை நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் ஆனையிறவு உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டுச் சேறுபோல் ஆக்குங்கள், கரைக்க வேண்டாம். மூடியையும் மானியையும் ஒரு காற்றுப் புகாத பையில் வைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 வீதம் இருக்கும். மானி 71 காட்டினால் அது 4 குறைத்துக் காட்டுகிறது, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருட்டில் குண்டூசித் துளைகள் இருக்கின்றன.

புகையிலை வண்டு. முட்டை இலையிலேயே இருந்திருக்கும், வெப்பம் 24, 25 பாகையைத் தாண்டினால் பொரிக்கும். நம் ஊரில் வருடம் முழுக்க அந்த வெப்பம்தான். துளை விழுந்ததை எறிந்துவிட்டு மற்றவற்றை இரட்டைப் பையில் கட்டி உறைபெட்டியில் மூன்று நாளாவது வையுங்கள். எடுத்தவுடன் வெளியே வைத்தால் மேலிலை வெடிக்கும். ஒரு நாள் பிரிஜில் வைத்து, பிறகு அறைக்குக் கொண்டுவாருங்கள். பை திறக்காமல் இருந்தால் அந்த ஒரு நாளில் மீன்மணம் ஏறாது. புதிதாக வரும் எந்தச் சுருட்டையும் பழையவற்றோடு சேர்க்க முன் இப்படிச் செய்வது நல்லது.

உள்ளே இழுக்காவிட்டால் உடம்புக்குக் கெடுதல் இல்லைத்தானே?

இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களோடு சுருட்டுக்கு உள்ள தொடர்பு நிறுவப்பட்டது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டிச் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். விலை கூடியதால், கையால் சுருட்டியதால் இது மாறுவதில்லை. எப்போதாவது என்று வைத்திருப்பதற்கும் தினமும் என்பதற்கும் வித்தியாசம் பெரிது. ஆனால் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கிற இடத்தில் கொளுத்தவே கூடாது. அறைக்குள் தேங்கும் சுருட்டுப் புகை சிகரெட் புகையைவிடக் கனமானது.

எங்கே வாங்கலாம், எங்கே பத்தலாம்?

கடைப்பெயர் எழுதமாட்டேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் புகையிலைக்கு விளம்பரம் செய்யக்கூடாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது, மூடிய பொது இடங்களில் புகைக்கவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுமுன் சுங்க விதிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாதியில் அணைத்து நாளைக்கு வைக்கலாமா?

நம் சுருட்டைக் காதில் செருகி வைத்துப் பின்னேரம் பத்தினவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்கிற கேள்வி. மதுரோவில் அது சரிவராது. அணைந்த தார் இலைக்குள் ஊறி மறுநாள் சாம்பல்கட்டியைச் சப்புவதுபோல் இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்புவதானால், அணையுமுன் ஒருதடவை உள்ளிருந்து வெளியே ஊதிப் புகையை வெளியேற்றி, சாம்பலைத் தட்டிவிட்டு வைக்கலாம். அதற்குமேல் என்றால் விட்டுவிடுங்கள். சாம்பல்கிண்ணத்தில் நசுக்க வேண்டாம், நாறும். சும்மா வைத்தால் தானே அணையும்.